ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏன் தேர்வில் பின்தங்குகிறார்கள்?

(ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன அத்தியாயத்தில் தேர்வு மதிப்பெண்களைப் பற்றிப் பேசியிருந்தோம். அதைக் கேட்டுவிட்டு மெல்பர்னில் இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார்: "இங்கே அரசாங்கம் இவ்வளவு பணம் செலவழிக்குது. ஆனாலும் பூர்வகுடிப் பிள்ளைகள் படிப்பில் பின்னாடியே இருக்காங்க. அவங்களுக்கே ஆர்வம் இல்லையோன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இந்தக் கேள்வியை நிறைய பேர் மனசுக்குள்ள கேட்டிருப்பாங்க. வெளிப்படையாகக் கேட்டதற்கு அவருக்கு நன்றி. அந்த "ஆர்வம் இல்லையோ" என்ற சந்தேகத்தைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

முதலில் எண்கள்

ஆஸ்திரேலியாவில் 2008 முதல் நாப்ளான் என்று ஒரு தேசியத் தேர்வு நடக்கிறது. 3, 5, 7, 9 ஆகிய வகுப்புகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பு, எழுத்து, மொழி, கணக்கு ஆகியவற்றில் சோதனை. 2023ல் இதன் முடிவுகளை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். கடைசி நிலைக்குப் பெயர் 'கூடுதல் உதவி தேவை'. மொத்த மாணவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அந்த நிலையில் இருக்கிறார். பூர்வகுடி மாணவர்களை மட்டும் எடுத்தால் மூன்றில் ஒருவர். வடக்குப் பிராந்தியத்தின் தொலைதூர ஊர்களுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த எண்ணை வைத்து ஒரு முழு சமூகத்தையும் எடை போட முடியாது. மூன்றில் ஒருவர் என்றால், மீதி இரண்டு பேர் அந்தக் கடைசி நிலையில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்கணும். இன்னொன்று, பூர்வகுடிகள் என்றதும் பாலைவனத்து ஊர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. உண்மையில் தொலைதூரப் பகுதிகளில் வாழ்பவர்கள் நூற்றுக்கு 15 பேர் அளவில்தான். மற்றவர்கள் நகரங்களிலும் சிறு நகரங்களிலும் இருக்கிறார்கள். மெல்பர்ன், சிட்னியில் உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே இருக்கலாம்.

சரி, இந்த இடைவெளி எங்கிருந்து வருது?

கதவு மூடியிருந்த காலம்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விதி வந்தது. ஒரு அரசுப் பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளை படிப்பதை வெள்ளைக்காரப் பெற்றோர் எதிர்த்தால், அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பிவிடலாம். புகார் மட்டும் போதும். இந்த ஏற்பாடு ஆசிரியர் கையேட்டில் இருந்து நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1972ல்.

1972ல் எட்டு வயசுப் பிள்ளையாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். அவர் ஏதோ வரலாற்றுப் பாத்திரம் இல்லை. இன்று பள்ளிக்குப் போகும் குழந்தைக்குத் தாத்தா, பாட்டி. இதோடு, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து நிறுவனங்களில் வளர்த்த கொள்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். அதற்காக 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நம் வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ "நான் படிச்சேன், நீயும் படி" என்று சொல்வது ஒரு பெரிய சொத்து. அந்தச் சொத்து சேராதபடி ஒரு சட்டமே தடுத்திருந்தால், அடுத்த தலைமுறையின் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

காதில் ஆரம்பிக்கும் பிரச்சினை

அடுத்த காரணம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். காது.

நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது, சீழ் பிடிப்பது, செவிப்பறை ஓட்டையாகிக் காது ஒழுகுவது. நம் ஊரிலும் குழந்தைகளுக்கு வரும், மருந்து போட்டால் சரியாகிவிடும். ஆனால் வடக்குப் பிராந்தியத்தின் தொலைதூர ஊர்களில் 2001ல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு வகையில் நடுக்காது நோய் இருந்தது. ஒரு சமூகத்தில் நாட்பட்ட காது ஒழுகல் நூற்றுக்கு நான்கு பேரைத் தாண்டினாலே அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரணம் என்ன? ஒரே வீட்டில் அளவுக்கு மீறிய ஆட்கள், மோசமான குடிநீர்க் குழாய், கழிவுநீர் வசதி, தொலைவில் இருக்கும் மருத்துவர். கிருமி பிறந்த சில வாரங்களிலேயே குழந்தைக்குத் தொற்றிவிடுகிறது. பிறகு பல வருஷம் கேட்கும் திறன் ஏறி ஏறி இறங்கும். முழுச் செவிடு இல்லை. அதனால் யாருக்கும் தெரியாது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது ஏதோ சுவருக்குப் பின்னால் இருந்து வருவது மாதிரி கேட்கும். "இவன் கவனிக்கவே மாட்டேங்கிறான்" என்று ஆசிரியர் நினைப்பார். கொஞ்ச நாளில் அந்தப் பையனும் கவனிப்பதை விட்டுவிடுவான்.

இதற்குத் தீர்வும் ரொம்பப் பெரிய மர்மம் இல்லை. காதை அடிக்கடி பரிசோதிப்பது, வகுப்பறையில் ஆசிரியரின் குரலைப் பெருக்கும் ஒலிபெருக்கி வைப்பது, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது, எல்லாவற்றுக்கும் மேலாக வீடு கட்டிக் கொடுப்பது. ஒரு வீட்டு வசதித் திட்டம் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்ணோடு சம்பந்தப்பட்டது என்று நாம் யோசிப்பதே இல்லை.

ஒரு தமிழருக்குப் புரியும் உதாரணம்

இப்போ மொழிக்கு வருவோம்.

ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்னால் அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. இன்று குழந்தைகள் தாய்மொழியாகக் கற்றுக்கொள்பவை மிகச் சில. அதில் ஒன்று வார்ல்பிரி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே யுவெண்டுமு, லஜமானு போன்ற ஊர்களில் பேசுகிறார்கள். பேசுவோர் மூவாயிரம் பேர் அளவில்.

இந்த மொழியின் ஒலிகளைக் கேட்டால் தமிழருக்கு ஒரு சந்தோஷம் வரும். ன, ண வித்தியாசம் அங்கே உண்டு. ல, ள வித்தியாசம் உண்டு. ங, ஞ, ம எல்லாம் தனித்தனி ஒலிகள். தண்ணீருக்கு அவர்கள் சொல் 'ஙபா'. நம் எழுத்தில் அழகாக எழுதிவிடலாம், ஆங்கில எழுத்தில்தான் சிரமம். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான் இருப்பது போல, வார்ல்பிரியிலும் அந்த இடத்தில் ஒரே ஒலிதான். ஆங்கிலத்தில் பன்றிக்கு ஒரு சொல், 'பெரிய' என்பதற்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்க. ரெண்டுமே 'பிக்' தான்.

இப்போது ஐந்து வயசு வார்ல்பிரிக் குழந்தை. வீட்டில் ஆங்கிலம் இல்லை. ஊரில் கடைப்பலகை தவிர ஆங்கில எழுத்து அதிகம் இல்லை. அந்தக் குழந்தைக்கு இந்த இரண்டு ஆங்கிலச் சொல்லும் ஒன்றுபோலத்தான் விழும். அதன் மொழியில் 'ஸ்' ஒலியே கிடையாது. ஆங்கிலத்தில் ஒருமையையும் பன்மையையும் பிரிப்பது அந்தச் சின்ன 'ஸ்' தான். காதில் நீரும் கோத்திருந்தால் முதலில் காணாமல் போவது அந்த மாதிரி மெல்லிய ஒலிகள். இந்த நிலைமையில் அந்தக் குழந்தைக்கு எழுத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லிக் கொடுத்து, மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேர்வும் வைக்கிறோம்.

அந்தத் தேர்வு எதை அளக்கிறது? குழந்தைக்கு வாசிக்க வருமா என்பதையா, ஆங்கிலம் வருமா என்பதையா? முடிவில் வரும் எண்ணைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

நாலு மணி நேரம்

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. விட்லம் அரசு 1973லேயே வடக்குப் பிராந்தியத்தில் இருமொழிக் கல்வியை ஆரம்பித்தது. முறை எளிமையானது. முதல் சில வருஷம் எழுதப் படிக்கத் தாய்மொழியில் கற்றுக்கொடு, ஆங்கிலத்தைப் பேச்சாகப் பழக்கு. ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிறகு அந்தத் திறமையை ஆங்கிலத்துக்குக் கொண்டு போ. மேல் வகுப்பு போகப் போக ஆங்கிலத்தின் பங்கு கூடும். இதற்காக ஊர்களிலேயே சிறு அச்சகங்கள் வைத்து, உள்ளூர்க்காரர்களே எழுதி, படம் வரைந்து, புத்தகங்கள் போட்டார்கள். ஆயிரக்கணக்கில். அவற்றை இன்று சார்ல்ஸ் டார்வின் பல்கலைக்கழகம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது.

இதோடு ஆசிரியர்களும் உருவானார்கள். ஆர்னம் லேண்டில் யிர்க்கலா என்ற கடலோர ஊர். யோல்ங்கு மக்களின் ஊர். அங்கே ஒருவர் 1988ல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார், ஆர்னம் லேண்ட் யோல்ங்கு மக்களில் முதல் பட்டதாரி. 1990ல் யிர்க்கலா பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார். 'யோத்து யிண்டி' இசைக்குழுவின் பாடகராக உலகம் அறிந்த யுனுபிங்கு அவர்தான். இறந்தவரின் முதல் பெயரைச் சொல்லாமல் இருப்பது அவர்கள் வழக்கம், அதனால் டாக்டர் எம். யுனுபிங்கு என்று எழுதுவார்கள். ஆற்று நன்னீரும் கடல் உப்புநீரும் கலக்கும் இடத்துக்கு யோல்ங்கு மொழியில் 'கன்மா' என்று பெயர். அவரும் அவர் கூட்டாளிகளும் கல்வியை அப்படித்தான் விளக்கினார்கள். ரெண்டு நீரும் வேணும், ஒன்று மற்றொன்றை விழுங்கக் கூடாது.

பிறகு 2008 வந்தது. முதல் நாப்ளான் முடிவுகள் வந்தன. வடக்குப் பிராந்தியம் நாட்டிலேயே கடைசி. சில வாரங்களில், அந்த அக்டோபரில், பிராந்திய அரசு அறிவித்தது: இனி எல்லாப் பள்ளிகளிலும் தினமும் முதல் நாலு மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம். பள்ளி நாள் மொத்தமே ஐந்து மணி நேரத்தை ஒட்டித்தான். தாய்மொழிக்கு மிஞ்சியது மத்தியானம், பிள்ளைகள் களைத்துப் போன பிறகு.

தீய எண்ணத்தோடு எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. அப்போதைய கல்வி அமைச்சரே பூர்வகுடிப் பெண். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராமல் போய்விடக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த நேரத்தில் முறையாக இருமொழிக் கல்வி நடந்த பள்ளிகள் பத்தைக்கூடத் தொடவில்லை. தொலைதூரப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை ஏற்கெனவே ஆங்கிலத்தில் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தன. அங்கேயும் முடிவுகள் மோசம்தான். அப்படியிருக்க, தாய்மொழிதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? லஜமானு போன்ற இடங்களில் மாற்றத்துக்குப் பிறகு வருகை குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சில வருஷத்தில் அந்தக் கொள்கை சத்தமில்லாமல் தளர்த்தப்பட்டது. இதற்குள் பல ஊர்களில் உள்ளூர் ஆசிரியர்கள் சோர்ந்து விலகியிருந்தார்கள். ஒரு ஆசிரியரை உருவாக்கப் பத்து வருஷம் ஆகும், அனுப்பிவைக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

யிர்க்கலா மக்கள் பிடிவாதமாக எதிர்த்தார்கள். அவர்களுக்கு அது பழக்கம். 1963ல் தங்கள் நிலத்தில் சுரங்கம் தோண்டுவதை எதிர்த்து மரப்பட்டையில் ஓவியம் தீட்டி, நடுவில் மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் அவர்கள். அந்த மனு இரண்டு மொழியில் இருந்தது, தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும். பள்ளியிலும் இரண்டு மொழியைத் தொடர்ந்தார்கள். 2020ல் அந்தப் பள்ளியில் எட்டு மாணவர்கள் பல்கலைக்கழகம் போகத் தகுதியான மதிப்பெண்ணோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். அந்த ஊரின் வரலாற்றில் முதல் தடவை.

எட்டு பேர்தானே என்று தோணலாம். சிறிய ஊர், அதற்கு முன்னால் ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் மொழியை விட்டுவிட்டு அங்கே போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வராத பிள்ளையும் வராத பணமும்

"சரி, ஆனா அவங்க பள்ளிக்கே சரியா வர்றதில்லையே" என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். 2018ல் பூர்வகுடி மாணவர்களின் வருகை நூற்றுக்கு 82 அளவில், மற்றவர்களுடையது 93. தொலைதூரத்தில் இன்னும் குறைவு. உறவினர் சாவு, சடங்குகள், மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் சாலைகள், ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்கள் எனக் காரணங்கள் உண்டு. வருஷத்துக்கு மூன்று ஆசிரியர் மாறும் வகுப்பில் உட்காரப் பிள்ளைக்கு மனசு வராததும் ஒரு காரணம்.

ஆனால் இதற்கு அரசு என்ன செய்தது? வடக்குப் பிராந்தியம் 2015ல் ஒரு நிதிமுறையைக் கொண்டுவந்தது. பதிவேட்டில் எத்தனை பேர் என்று பார்க்காமல், சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை வைத்துப் பள்ளிக்குப் பணம். ஒரு கணக்குக்குச் சொல்றேன்: பதிவேட்டில் 100 பேர், சராசரி வருகை 60 என்றால் 60 பேருக்கான பணம்தான். வராத 40 பேரைத் தேடிப் போய்ப் பேச ஆள் வேண்டும், காதைப் பார்க்க ஆள் வேண்டும், விட்டுப்போன பாடத்தைத் திரும்ப நடத்த ஆசிரியர் வேண்டும். அதற்குத்தான் பணம் இல்லை. வசதி குறைய வருகை குறையும், வருகை குறையப் பணம் குறையும்.

நேயர் கேட்டாரே, "இவ்வளவு பணம் செலவழிக்குது" என்று. அந்த நேரத்தில் மிக அதிக உதவி தேவைப்பட்ட பள்ளிகளுக்கு, தேவை என்று அரசே வகுத்த அளவுகூடக் கிடைக்கவில்லை. அந்த நிதிமுறையைக் கைவிடுவதாக 2022 இறுதியில்தான் அறிவித்தார்கள். முழு அளவு நிதியை 2029க்குள் தருவதாக மத்திய அரசும் பிராந்திய அரசும் 2024ல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன.

நகரத்தில் என்ன நடக்கிறது

நகரத்துப் பூர்வகுடிப் பிள்ளைக்கு வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலம்தான். அங்கேயும் இடைவெளி இருக்கிறது, தொலைதூரத்தை விடக் குறைவு. வறுமை ஒரு பங்கு. இன்னொரு பங்கு, "இந்தப் பிள்ளைகிட்ட இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்" என்ற ஆசிரியரின் எண்ணம்.

குயின்ஸ்லாந்தில் செர்பர்க் என்ற ஊர். பல இடங்களில் இருந்து பூர்வகுடிகளைக் கட்டாயமாகக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் அது. 1998ல் கிறிஸ் சாரா அங்கே தலைமை ஆசிரியரானார், அந்தப் பள்ளியின் முதல் பூர்வகுடித் தலைமை ஆசிரியர். "ஊர் சரியில்லை, பெற்றோர் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர்களிடம், மாற்றத்தை நம்பாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பலர் போனார்கள். 'வலிமையும் அறிவும்' என்பதைப் பள்ளியின் முழக்கமாக வைத்தார். அதே நேரம் பிள்ளைகளிடமும் கண்டிப்பு. வருகைக்கும் நடத்தைக்கும் சாக்குப்போக்கு கிடையாது. வருகை நன்றாகக் கூடியது. அவர் பள்ளியைவிட்டுப் போன பிறகும் அந்தப் பேச்சு நாடு முழுக்கப் பரவியது.

இலக்குகளைப் பற்றி

2008ல் 'இடைவெளியை மூடுவோம்' என்று ஒரு தேசியத் திட்டம் வந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் இருக்கும் இடைவெளியைப் பத்து வருஷத்தில் பாதியாக்குவது இலக்கு. 2018ல் அது நிறைவேறவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்கள் நன்றாகவே கூடினார்கள். 2006ல் 20 முதல் 24 வயதுள்ள பூர்வகுடிகளில் நூற்றுக்கு 47 பேர்தான் பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு நிகரான படிப்போ முடித்திருந்தார்கள். 2021ல் 68 பேர். ஆர்வம் இல்லாதவர்களால் இது நடந்திருக்காது.

2020ல் புதிய ஒப்பந்தம். இந்த முறை பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் அதில் கையெழுத்திட்டது. பூர்வகுடி மொழிகள் வலுப்பெற வேண்டும் என்பதும் ஒரு இலக்கு. பள்ளிக்கு முந்தைய வகுப்பில் சேர்க்கை என்ற இலக்கைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டார்கள். ஆனால் பள்ளியில் சேரும் வயதில் எல்லா வகையிலும் சரியான வளர்ச்சியோடு இருக்கும் பூர்வகுடிக் குழந்தைகள் 2018ல் நூற்றுக்கு 35 பேர், 2024ல் 34க்குச் சற்றுக் குறைவு. பெயர் பதிவாகிவிட்டது, குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டியது இன்னும் சேரவில்லை.

அதனால் அடுத்த தடவை நாப்ளான் முடிவு செய்தியில் வரும்போது, அந்த ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீங்க. அந்தப் பள்ளியில் காது பரிசோதனை நடக்குதா, பிள்ளைக்குப் புரியும் மொழி பேசும் ஆசிரியர் இருக்காரா, அந்த ஆசிரியர் அடுத்த வருஷமும் இருப்பாரா, பள்ளிக்கு வர வேண்டிய பணம் வந்துச்சா என்று கேளுங்க. ஆங்கிலம் வேண்டாம் என்று யிர்க்கலாவில் யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்குப் போகும் வழியை எங்களோடு பேசி முடிவு பண்ணுங்க என்றுதான் சொன்னார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆசிரியராக, மருத்துவராக, செவிலியராகத் தொலைதூர ஊர்களில் வேலை பார்த்த நேயர்கள் சிலர் இருப்பீங்க. உங்கள் அனுபவத்தை எழுதுங்க, நான் சொன்னதில் மாறுபடும் இடம் இருந்தாலும் எழுதுங்க. அடுத்த அத்தியாயத்தில் வாசிக்கிறேன்.